தலைகீழாக வாசித்த வக்கீலம்மா

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தூத்துக்குடி கோர்ட் வளாகத்தில் பாதிப் பேர் "அட, நம்ம வக்கீலம்மா" என்று சிரிப்பார்கள். மீதிப் பேர், அந்தம்மாவிடம் நாம் எதையாவது சொல்லாமல் விட்டுவிட்டோமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பெயரை மறைத்ததற்காக என்னிடம் சண்டைக்கு வரக்கூடியவரும் அவர் ஒருவர்தான். மறைப்பது என்கிற காரியமே அவருக்கு ஆகாது. அடுத்தவர் மறைப்பதும் ஆகாது, தான் மறைப்பதும் ஆகாது. இந்த இரண்டாவது பாதிதான் எங்களையெல்லாம் படாத பாடு படுத்தியது.

நான் அப்போது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் மாடியில் ஆபீஸ். கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேஜையில் டீ டம்ளர் நடுங்கும். லாரி கவிழ்ந்தாலும், கிட்டங்கியில் அடுக்கி வைத்த உப்பு மழையில் கரைந்தாலும், வள்ளம் உடைந்தாலும் காகிதம் என் மேஜைக்குத்தான் வரும். 'இல்லை' என்று சொல்வதற்கு எத்தனை மரியாதையான வாக்கியங்கள் உண்டோ அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவர் எங்கள் கம்பெனிக்கு எதிராக வழக்குப் போடுகிறவர். ஆகவே முறைப்படி நாங்கள் இருவரும் எதிரிகள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்குப் பலகாரம் வருவதை எந்த எதிர்ப்பும் தடுத்ததில்லை.

முதல் தடவை ஆபீசுக்கு வந்தபோது ஒரு லாரி கேஸ். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருக்கும். கறுப்பு கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பைக்குள் காகிதங்களுக்கு மேலே கிடந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை முதலில் எடுத்து என் மேஜையில் வைத்தார். பிறகு பேச்சு.

"சார், நம்ம டிரைவரு லைசென்சு புதுப்பிக்க நாலு நாள் பிந்திட்டாரு. எப்படியும் நீங்க கண்டுபிடிப்பீய. நானே சொல்லிடுதேன். எங்க பக்கம் இருக்குத ஓட்டை இது ஒண்ணுதான். இப்ப உங்க பக்கம் ஓட்டை என்னன்னு சொல்லுங்க."

பதினெட்டு வருட சர்வீசில் ஒரு வக்கீல் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. இது ஏதோ தந்திரம் என்று நினைத்து அன்று முழுவதும் வாயைத் திறக்காமல் இருந்தேன். தந்திரமே இல்லை என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அது தந்திரமாக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

மீன் மார்க்கெட்டில் ஒருநாள் அவருக்குப் பின்னால் நின்றேன். பெரிய ஊளி மீன் ஒன்று கிடந்தது. விற்கிற அம்மா விலை சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"ஏளா, எங்கிட்ட இருக்குதது இம்புட்டுதான். இதுக்கு மேல ஒரு ரூவா தர மாட்டேன். நீ ஏலத்துல எம்புட்டுக்கு எடுத்த? அதச் சொல்லு."

"இப்பிடிக் கேட்டா நான் எப்பிடிம்மா யாவாரம் பண்ண?"

"நான் எங்கிட்ட உள்ளதச் சொன்னேம்லா. நீயும் சொல்லு."

அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு அசல் விலையைச் சொன்னார். அதற்கு மேல் கொஞ்சம் வைத்து இவர் கொடுத்தார். இருவருக்கும் மனக்குறை இல்லை, பேரமும் இல்லை. அடுத்து என் முறை. அந்த நஷ்டம் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார் அந்தம்மா.

அவருடைய அக்கா மகளைப் பெண் பார்க்க வந்த கதையை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மணப்பாட்டில் அக்கா வீடு. மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது இவர் எழுந்து, "பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாது. காலையில எழுப்புனா கோவம் வரும். ரெண்டையும் இப்பமே சொல்லிடுதோம்" என்றிருக்கிறார். அக்காவுக்கு மயக்கம் வராத குறை. அதோடு விட்டாரா? "உங்க மாப்பிள்ளைக்கு என்ன குறைன்னு நீங்களும் சொல்லிடுங்க" என்று காத்திருந்திருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா தன் மகனுக்கு ஒரு குறையும் கிடையாது என்று ஆரம்பித்தபோது, மாப்பிள்ளை தானே தலையில் கை வைத்து, "அத்த, இந்த முடி வச்சது" என்று சொல்லிவிட்டானாம். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மேடைக்கு மொட்டைத் தலையோடு வந்தான். புகைப்படத்தில் அவன்தான் எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருக்கிறான்.

இப்படிப்பட்டவரிடம்தான் கீழவைப்பார் மீனவர் சந்தியாகு வந்து சேர்ந்தார்.

சந்தியாகுவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் இருந்தது. எங்கள் கம்பெனியில்தான் பாலிசி. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்களைக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, ஆண், பெண், பிள்ளைகுட்டி எல்லாரும் சப்பரத்துக்குப் பின்னால் போவார்கள். கரையில் ஒரு ஆள் இருக்காது. இருந்தால் அவரை ஊரே ஒரு மாதிரிப் பார்க்கும். அந்த வருடம் சப்பரம் தெரு சுற்றிக்கொண்டிருந்தபோது கச்சான் காற்று வலுத்து அடித்தது. சந்தியாகு வள்ளத்தின் கயிறு அறுந்தது. கரையிலிருந்து கடல் பக்கம் வீசுகிற காற்று அது. வள்ளத்தை இழுத்துக்கொண்டு போய் ஒரு தீவுக்குப் பக்கத்தில் பாறைத் திட்டில் போட்டு உடைத்தது. இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது பாதி வள்ளம்.

எங்கள் சர்வேயர் போய்ப் பார்த்து, முழு நஷ்டம், ஏமாற்று எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பணத்தைக் கொடுத்திருக்க வேண்டியதுதான். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது: 'படகில் காவல் ஆள் இல்லை. பாலிசி நிபந்தனை மீறல். நிராகரிக்கவும்.' நிராகரிப்புக் கடிதத்தை டைப் செய்தவன் நான். 'வருந்துகிறோம்' என்று ஆரம்பிக்கும் கடிதம். வருத்தம் எனக்கு நிஜமாகவே இருந்தது, கடிதத்தில் இருந்தது வேறு வருத்தம்.

சொந்த வள்ளம் வைத்திருப்பவரை அங்கே சம்மாட்டி என்பார்கள். சந்தியாகு சம்மாட்டியாக இருந்து, இப்போது மச்சினன் வள்ளத்தில், பிடிக்கிற மீனில் ஒற்றைப் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்தக் கிளெய்ம் வந்தால் மறுபடியும் வள்ளம். வராவிட்டால் ஆயுசுக்கும் மச்சினன் கை காட்டுகிற இடத்தில்தான் வலை விட வேண்டும். "அவனுக்குக் கடலும் தெரியாது, வாயும் மூடாது" என்று சந்தியாகு என்னிடமே அழாத குறையாகச் சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஓர் இரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு கிளெய்ம் வந்தவுடன், இதற்குக் கடைசியில் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையைக் கம்பெனி தனியாக எடுத்து வைக்க வேண்டும். புரொவிஷன் என்போம். விவரம் தெரியத் தெரிய அதைக் கூட்டுவோம், குறைப்போம். கிளெய்மை நிராகரித்தால் அதை நீக்கிவிட வேண்டும். இந்தத் தொகையும் அதை ஏன் வைத்தோம் என்கிற காரணமும் கோப்புக்குள் ஒரு குறிப்புத் தாளில் இருக்கும். வெளியாள் யாருக்கும் காட்டமாட்டோம். சீட்டாடுகிறவன் கையிலிருக்கும் சீட்டைக் காட்டுவானா?

சந்தியாகு கோப்பில் நடந்தது இதுதான். சர்வேயர் அறிக்கை வந்ததும் முழுத்தொகைக்கும் புரொவிஷன் வைத்தோம். நிராகரித்த அன்று அதை நீக்கியிருக்க வேண்டும். நான் மேனேஜரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியே கிடக்கட்டும். நாளைக்குக் கோர்ட்டு கொடுக்கச் சொன்னா, தொகைய ஏன் எடுத்து வைக்கலன்னு ஆடிட்ல நம்மளக் கேக்கக் கூடாது பாருங்க" என்றார். அதனால் நான் குறிப்புத் தாளில் எழுதினேன்: 'தொகையைக் குறைக்க வேண்டாம். கோர்ட்டுக்குப் போனால் இந்த நிராகரிப்பு நிற்காது.' மேனேஜர் கீழே கையெழுத்துப் போட்டார். அதே தேதி. கடிதத்துக்கும் இந்த வரிக்கும் நடுவே ஒரு டீ குடித்திருப்போம்.

இது எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வெளியே 'இல்லை' என்று சொல்லிவிட்டு, ஆடிட்டருக்குப் பயந்து உள்ளே உண்மையை எழுதி வைப்பது.

வழக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்று வக்கீலம்மா சந்தியாகுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மனப்பாடமான வாக்கியங்களில் மூன்றாவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், ஒரு நிமிசம். அந்தத் தாள மூடி வச்சிக்கிடுங்க. நான் தலகீழா வாசிப்பேன். ஏற்கெனவே வாசிச்சிட்டேன்."

நான் அவசரமாகக் கோப்பை மூடினேன்.

"சாயர்புரத்துல படிக்கச்சில ஹாஸ்டல்ல என்னைய அடிக்கடி கூப்பிட்டு விடுவாங்க. வார்டன் மேஜைக்கு எதுத்தாப்புல நின்னு நின்னு பழகிப்போச்சு. நான் வாசிக்கணும்னு வாசிக்கல, கண்ணு தானா போயிடுது. இது திருட்டுல சேரும். அதனால இத அப்படியே எங்கயும் சொல்ல மாட்டேன். கோர்ட்டுல முறையா கேப்பேன். நீங்க முறையா காட்டுங்க."

சந்தியாகுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா எழுதிருக்கு?" என்றார்.

"உங்களுக்கும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. இவங்க காட்டுன பெறவு நாம ரெண்டு பேரும் சேந்து வாசிப்போம்."

அவர்கள் படியிறங்கிப் போனதும் அந்தக் கோப்பை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டி என்ன பயன்? மேனேஜரிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் சொல்லாமல் இருப்பது சோம்பேறித்தனத்துக்கு வசதியாக இருந்ததால் அதையே செய்தேன்.

வழக்கு நுகர்வோர் கோர்ட்டில் வந்தது. முதல் வேலையாக, அந்தக் குறிப்புத் தாளைக் கம்பெனி கொண்டுவர வேண்டும் என்று ஒரு மனுப் போட்டார். எங்கள் வக்கீல் பெரிய அனுபவசாலி, நல்ல குரல். எழுந்து நின்றார்.

"அய்யா, புரொவிஷன் வைப்பது சட்டப்படி எங்கள் கடமை. அது முன்ஜாக்கிரதை. பணம் கொடுக்க ஒத்துக்கொண்டதாக அதற்கு அர்த்தம் கிடையாது. மழை வரலாம் என்று ஒருவன் குடை எடுத்துக்கொண்டு போகிறான். மழை பெய்ததாக அவன் ஒத்துக்கொண்டான் என்று ஆகுமா? அது எங்கள் உள் விஷயம். இவர்களுக்கு அதை ஏன் காட்ட வேண்டும்?"

நியாயமான வாதம். இன்றைக்கும் சொல்வேன், பல கேஸ்களில் அது சரியான வாதம். வக்கீலம்மாவும் அதைத்தான் சொன்னார்.

"என் நண்பர் சொல்றது சரிதான் அய்யா. குடை எடுத்தது தப்பே இல்லை. எல்லாக் கேசிலயும் குடையைக் காட்டுன்னு நான் கேட்க மாட்டேன். ஆனா கையில குடையை வச்சிக்கிட்டே, மழையே கிடையாதுன்னு ஒரு மீன்பிடிக்கிறவருக்குக் கடுதாசி போட்டிருந்தா அது எப்படி? எழுதும்போது அவங்க மனசு என்ன நினைச்சதுங்கறதுதான் இந்தக் கேஸ். அது அந்தத் தாள்ல மட்டும்தான் இருக்கு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி அதில் எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தீர்களா?"

பின் பெஞ்சில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'எல்லாக் கம்பெனியிலும் இருக்கும் அய்யா' என்று வழுக்கிக்கொண்டு போனாலும் போதும். வேறு எந்த வக்கீலும் அதைத்தான் செய்திருப்பார்.

"பார்த்திருக்கேன் அய்யா. தலைகீழா."

கோர்ட்டே சிரித்தது. எங்கள் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"என்ன எழுதியிருந்தது?" என்று நீதிபதி கேட்டார்.

"அதை நான் சொல்ல மாட்டேன் அய்யா. சொன்னா அது என் பேச்சாப் போயிடும். அவங்க தாள், அவங்களே காட்டட்டும்."

அடுத்த வாய்தாவுக்குத் தாளைக் கொண்டுவர உத்தரவானது. வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நிஜமாகவே கோபம்.

"என் வேலை போயிருமேம்மா. பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"அது பொய்யாயிடும்லா சார்?"

"எனக்காக ஒரு பொய்."

"உங்க வேலை போகாது. போனா எங்கிட்ட வாங்க, ஃபீஸ் இல்லாம கேஸ் போட்டுத் தாரேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கோப்பைப் புரட்டினார். குறிப்புத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒத்தத் தாள்தான். உங்க கையெழுத்தும் அம்புட்டு அழகா இல்ல. இத அழகா மறுபடி எழுதிக்கிட்டா என்ன?"

நான் பெரிய யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தக் கணத்தில் பேனா எங்கே என்று கண் தேடியது உண்மை. கை போகாததற்குக் காரணம் தர்மம் இல்லை, வக்கீலம்மா.

"சார், அந்தம்மா இத வாசிச்சிருக்கு. தொகைய மட்டுமா, கீழ உள்ள வரியையும் வாசிச்சிருக்கும். நாம வேற தாளக் கொண்டு போனா அது எந்திரிச்சு நிக்கும். அது பொய் சொல்லாதுன்னு நேத்துதான் கோர்ட்டே பாத்திருக்கு."

மேனேஜர் தாளைக் கோப்பில் திருப்பி வைத்தார். "அப்ப எதுக்கு நேத்தே தொகையச் சொல்லாம விட்டுச்சு?"

"நாம சொல்லணும்னுதான் சார்."

"இருக்குதத இருக்குதபடி கொண்டு போங்க" என்று கோப்பை என் பக்கம் தள்ளினார்.

இது வக்கீலம்மா வேண்டுமென்றே வைத்த பொறியா என்று வெகுநாள் சந்தேகம் எனக்கு. பார்த்தேன் என்று சொல்லி, என்ன பார்த்தேன் என்று சொல்லாமல் விட்டால் ஒருவனும் தாளை மாற்றத் துணிய மாட்டான். பின்னால் ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "நான் எதுக்குப் பொறி வைக்கேன்? நீதிபதி கேட்டாரு, சொன்னேன். திருட்டா வாசிச்சத எடுத்துச் சொல்லப்பிடாது, சொல்லல. அம்புட்டுதான் சார்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவ்வளவேதான் என்று தோன்றியது. யோசித்துச் செய்கிறவர்களிடம்கூட எனக்குப் பயமில்லை. யோசிக்காமலே இப்படி இருக்கிறவர்களிடம் நாம் என்ன செய்துவிட முடியும்?

தாள் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி வாசித்தார், எங்கள் வக்கீல் வாசித்தார், வக்கீலம்மா வாசித்தார், இந்த முறை நேராக. சந்தியாகுவைப் பக்கத்தில் கூப்பிட்டு விரல் வைத்து வாசித்துக் காட்டினார். எழுதியவனை விசாரிக்க அனுமதி கேட்டார். நான் போய் நின்றேன்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"இது எழுதுன தேதியும் என் கட்சிக்காரருக்கு இல்லைன்னு கடுதாசி போட்ட தேதியும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"இத எழுதும்போது உங்க மனசுல என்ன இருந்தது?"

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். சாட்சி மனதில் இருந்தது சாட்சியம் ஆகாது என்றார். நீதிபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதில் சொல்லட்டும்" என்றார்.

எனக்கு மனப்பாடமான வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. உத்தேசத் தொகை, கம்பெனி நடைமுறை, ஆடிட் தேவை. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

"கொடுக்க வேண்டிய பணம்னு இருந்தது" என்றேன்.

அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது சந்தியாகு என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இத்தன மாசமா என்னையக் கள்ளன்னு நெனச்சிட்டீயன்னு நெனச்சேன். வள்ளத்த நானே ஒடச்சிட்டு வந்து நிக்கேன்னு. அப்ப ஆபீசுல எல்லாரும் நம்பத்தான் செஞ்சிருக்கீய" என்றார். அவருக்கு அதில் சந்தோஷம். எனக்கு அதைவிடப் பெரிய வெட்கம் இன்றுவரை வந்ததில்லை. நம்பாமல் மறுத்திருந்தால்கூட ஒரு மாதிரி. நம்பிக்கொண்டே மறுத்திருக்கிறோம்.

தீர்ப்பு சந்தியாகு பக்கம் வந்தது. காவல் ஆள் இல்லாதது வள்ளம் உடைந்ததற்குக் காரணம் என்று கம்பெனி நிரூபிக்கவில்லை, அந்தக் காற்றில் ஆள் இருந்தாலும் அவரும் சேர்ந்துதான் போயிருப்பார் என்று எழுதினார்கள். தெரிந்தே மறுத்ததற்குத் தனியாக ஒரு தொகையும் சேர்ந்தது. அப்பீலுக்குப் போகலாமா என்று மேலிடம் கேட்டதற்கு மேனேஜர், குறிப்புத் தாளின் நகலை மட்டும் அனுப்பிவைத்தார். அப்பீல் இல்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. அலுவலகக் கோப்பை வெளியாள் கண்ணில் படும்படி வைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கேள்விப்பட்டு வக்கீலம்மா ஓடிவந்தார். "என்னால வந்தது, பதில் நானே எழுதித் தாரேன்" என்று என் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதி நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். 'ஆம், அப்படித்தான் வைத்திருந்தேன்.' அவ்வளவுதான் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக்கு வளைத்து வளைத்து நானே ஒன்று எழுதினேன். அதற்குத் தண்டனையாகக் கிளெய்ம் பிரிவிலிருந்து தூக்கிப் புதுப் பாலிசி போடும் மேஜையில் உட்கார்த்தினார்கள். உண்மையில் எனக்கு நிம்மதி. அங்கே வருகிறவர்கள் யாரும் அழுதுகொண்டு வருவதில்லை.

அந்த மேஜைக்குத்தான் ஆறு மாதம் கழித்து சந்தியாகு வந்தார். புது வள்ளம் வாங்கிவிட்டார், நீல நிறம், புது எஞ்சின். மச்சினன் இப்போது இவர் வள்ளத்தில் பங்குக்கு வருகிறானாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாலிசி போட வேண்டும், அதுவும் எங்கள் கம்பெனியிலேயே. வக்கீலம்மாவும் கூட வந்திருந்தார், சும்மா துணைக்கு என்றார். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தேன். சந்தியாகு நிதானமாக எழுதிக்கொண்டே வந்தார். நங்கூரமிடும் இடம், காவல் விவரம் என்கிற கட்டம் வந்ததும் பேனா நின்றது.

"எல்லாரும் இதுல இருபத்துநாலு மணி நேரமும் காவல் உண்டுன்னுதான் எழுதுவாங்க" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

"திருநாளுக்கு ஆள் இருக்குமா அண்ணாச்சி?" என்று வக்கீலம்மா சந்தியாகுவைக் கேட்டார்.

"எப்பிடிம்மா இருக்கும்? மச்சினன இருடான்னு சொன்னாக்கூட இருக்க மாட்டான். சப்பரத்துக்குப் போயிருவான்."

"அப்ப அத எழுதுங்க."

சந்தியாகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே பயம்.

"இத எழுதுனா பாலிசியே தர மாட்டோம்னு மேலிடத்துல சொல்லிருவாங்கம்மா" என்றேன்.

"சொல்லட்டும். இப்பமே சொல்லட்டும் சார். வள்ளம் முங்குன பெறவு சொல்ல வேண்டாம்."

சந்தியாகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து, கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் எல்லாம் வழிய, எழுத்துக் கூட்டி எழுதினார்: 'எங்க ஊர்த் திருநாள் அன்னைக்கு வள்ளத்துல ஆள் கிடையாது. எல்லாரும் கோயில்ல இருப்போம்.' எழுதியதை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தை மேனேஜரிடம் கொண்டுபோனேன். இரண்டு தரம் வாசித்தார். பாலிசிக்குக் கட்ட வேண்டியதில் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பாலிசி அச்சாகி வந்தபோது முதல் பக்கத்திலேயே தேடினேன். சந்தியாகு எழுதிய அந்த வரியும், அது தெரிந்தே கம்பெனி பொறுப்பேற்கிறது என்கிற வரியும் அதில் இருந்தன.